திரும்பும் தூரம்

செவ்வாய்க் கோள் அன்று காலை ஒன்பது கோடியே பன்னிரண்டு லட்சம் கிலோமீட்டரில் இருந்தது. செண்பகராமன் பல் துலக்கிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டார். கோவில்பட்டியில் எல்லோரும் தங்க விலை விசாரிக்கிற மாதிரி அதைத்தான் விசாரிப்பார்கள். இரண்டு கோள்களும் சூரியனைச் சுற்றிக்கொண்டே இருப்பதால், கோவில்பட்டி விண்தளத்துக்கும் செவ்வாயின் செம்மேட்டு விண்தளத்துக்கும் இடையே உள்ள தூரம் தினம் ஏறி இறங்கும். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் தூரக்கணியன் கேட்டவுடன் சொல்லிவிடும். இன்றைய கப்பலுக்கு எழுபத்தொரு நாள் பயணம் என்றது.

அந்தக் கப்பலில்தான் அவருடைய ஒரே மகள் நப்பின்னை போகிறாள். இரண்டு வருட வேலை. முடிந்ததும் திரும்பிவிடுவாள். அந்த நம்பிக்கையில்தான் மனிதர் சரி என்று தலையாட்டியிருந்தார்.

படிவம், கையெழுத்தெல்லாம் ஒழிந்து எத்தனையோ காலமாயிற்று. விடைபெறும்போது பயணி சொல்வதை வைத்துத்தான் தூரக்கணியன் தூரத்தைக் கணக்கிட்டு இருக்கை ஒதுக்கும். விண்தள வாசலில் நப்பின்னை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்ப்பா" என்றாள்.

வாசல் திரையில் போகும் தூரம் மட்டும் வந்தது. திரும்பும் தூரம் பூஜ்யம்.

செண்பகராமன் வாசல் அதிகாரி ஜெசிந்தாவிடம் போய், என் பெண் வருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது உங்கள் கருவிக்குக் காதில் விழவில்லையா என்று எகிறினார். ஜெசிந்தா பொறுமையாக விளக்கினாள். ஆரம்பத்தில் கணியன் அந்தப் பேச்சை நம்பி எல்லோருக்கும் திரும்பும் இருக்கை ஒதுக்கியதாம். கப்பல்கள் காலியாகவே வந்தனவாம்.

"அப்புறம் அதுவே திருத்திக்கிடுச்சு, சார். அப்படிச் சொல்லிட்டுப் போனவங்க நூத்துக்கு மூணு பேர்தான் வந்தாங்க. சண்டை போட்டு, 'போறேன்'னு கத்திட்டுப் போனவங்கதான் ஒருத்தர் விடாம வந்து சேர்ந்தாங்க."

அவர் வீட்டில் வாசல் தாண்டும்போது 'போறேன்' என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. அவர் சொல்ல விட்டதுமில்லை. கப்பலுக்கோ பத்து நிமிடம்தான் இருந்தது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.

"போறேம்ப்பா."

திரையில் திரும்பும் தூரம் ஏறியது. இருக்கை எண்ணும் வந்தது. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தச் சந்தோஷத்தில், அடுத்த வருஷம் தானே செவ்வாய்க்கு வந்து அவளைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

கணியனை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அது கணக்கிட்டு, செண்பகராமன், பயண தூரம் பூஜ்யம் என்று திரையில் போட்டது. கீழே காரணமும் வந்தது. விளாத்திகுளத்தில் இருக்கும் தன் அக்காவிடம் இவர் 'இந்த வாரம் வரேன்' என்று சொன்னது நாற்பத்தொரு முறை. தூரம் நாற்பது கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு நிமிடம்.

நப்பின்னை திரையைப் படித்தாள், அப்பாவைப் பார்த்தாள், உள்ளே போனாள்.

கருவிதான் கோளாறு என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பறவண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அக்காவை அழைத்தார்.

"பிள்ளையை ஏத்தி விட்டாச்சுக்கா" என்றார். "இந்த வாரம் கட்டாயம் வரேன்."