பதினோராம் அடுக்கு

கீரனூர் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி வந்து நின்றாலே சந்தனமேரி ஓடிப்போய்ப் பார்ப்பாள். வடக்கே அவள் புருஷன் சூசைராஜையும் கூட வேலை பார்த்தவர்களையும் மூடிக்கொண்ட நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு அதில்தான் வருகிறது. கரி போக ஒதுக்கிய கறுப்புக் கல்லும் மண்ணும். பிணம் கிடைக்கவில்லை என்று தபால் வந்து ஒன்றரை வருஷம். எலும்போ துணியோ, ஏதாவது கிடைத்தால் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிடலாம். அதற்காகவே நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைத்த பழைய பள்ளத்தை அந்தக் கழிவால் தூர்த்து வீட்டுமனையாக்கும் வேலைக்கு வந்தாள்.

ஓர் அடி உயரத்துக்குக் கொட்டி, தண்ணீர் தெளிப்பார்கள். ஷேக் பரீது ரோலரை ஏற்றி இறக்குவார். பிறகு அவள் கடப்பாரையால் குத்திப் பார்ப்பாள். இறங்காவிட்டால் அடுத்த அடுக்கு.

"என்னத்தா, மண்ணுக்குப் பேன் பாக்குறியா?" என்றார் மேஸ்திரி ஆவுடையப்பன்.

"ஏதாச்சும் தட்டுப்படுதான்னு பாக்குறேங்க."

பதினோராம் அடுக்கு அன்று மழை மூட்டம். கந்தக வாடை குப்பென்று அடித்தது. கடப்பாரையை ஓங்கிப் போட்டாள். இறங்கவில்லை.

அடியிலிருந்து பதில் வந்தது.

மூன்று தட்டு.

லீவில் வந்தபோது சூசைராஜ் சொல்லியிருந்தான். "கூரை விழுந்தா உள்ள மாட்டுனவன் மூணு தட்டுவான். வெளிய இருக்கவன் திருப்பி மூணு தட்டுனா, வாரோம்னு அர்த்தம். போக முடியாட்டி தட்டவே கூடாது மேரி. நம்பிக் காத்துக் கெடப்பான்."

தெரிந்தும் கை நிற்கவில்லை.

மூன்று முறை தட்டினாள்.

"பாய், உள்ள ஆளு இருக்கு."

பரீது மண்ணில் காதை வைத்தார். அவருக்கும் கேட்டது. "மேஸ்திரி, தோண்டிப் பாத்துருவோம்."

இடுப்பளவு தோண்டினார்கள். கறுப்புக் கல். அணைத்த அடுப்பைப் போலச் சூடு. தட்டல் மட்டும் இன்னும் கீழே போயிருந்தது.

"போதும். மழை எறங்குனா இம்புட்டும் சேறாயிரும். மூடுங்க." ஆவுடையப்பன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஏத்தாதீங்க பாய்."

"மன்னிச்சிருத்தா."

ரோலர் ஏறியது. சக்கரத்துக்கடியில் தட்டல் வேகமெடுத்தது. பிறகு நின்றது.

அதற்குமேல் ஒன்பது அடுக்கு. எல்லாவற்றுக்கும் அவள்தான் தண்ணீர் தெளித்தாள்.

பள்ளம் மேடாகி மனைக்கல் நட்ட அன்று, வீட்டுக்கு வந்து தரையில் கிடந்த கோரைப்பாயை எடுத்தாள். சாணம் மெழுகிய தரை உள்ளிருந்து வெடித்துக் கறுப்புத் தூள் கசிந்திருந்தது. வெடிப்போரம் ஒரு கைத்தடம்.

"வந்துட்டியா?"

விளக்கைத் தரையருகே தாழ்த்தினாள்.

அடுப்படி முதல் வாசல்வரை, பெரிதும் சிறிதுமாக, நாற்பது ஐம்பது கைத்தடங்கள்.

அவள் தட்டியது அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது.

காலடியில் தரை மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.