வெளிச்சத்துக்குப் பின்னால் அம்மா

படகுச் சவாரிக்குப் போட்ட சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்று ஒரே பிடியாக உட்கார்ந்திருந்தாள் பட்டாசு.

அவளுடைய நிஜப் பெயர் வகுப்பாசிரியருக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். மற்ற எல்லோருக்கும் அவள் பட்டாசு. அந்தப் பெயரை வைத்தவர்கள் அம்மா வேலை பார்க்கும் தீயணைப்பு நிலையத்து ஆட்கள். "நாம தீயை அணைக்கிறோம். இவ வாயைத் திறந்தாலே பத்திக்குது" என்று அவர்களுக்கு ஒரு சிரிப்பு.

அன்று மதியம் அந்தப் பட்டாசு நமுத்துப் போயிருந்தது. காரணம், மேஜை மேல் கிடந்த ஒரு டார்ச்.

வழக்கமான டார்ச் போல அது நேராக இல்லை. உடம்பு நிமிர்ந்து நிற்க, தலை மட்டும் முன்பக்கமாக மடங்கியிருந்தது. 'ட' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மாதிரி. முதுகில் ஒரு கிளிப். அதை நெஞ்சில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். குழாயைப் பிடிக்கலாம், ஏணியில் ஏறலாம், ஆளைத் தூக்கலாம். பேட்டரி வாங்கி மாற்றவும் வேண்டாம், சார்ஜ் போட்டால் போதும்.

நிலையத்துக்கு மாதிரிக்கு ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. ஒவ்வொருவரும் ஒரு நாள் வைத்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கு அம்மாவின் முறை.

"நாளைக்குக் காலையில மீட்டிங்டி. சீக்கிரமா பார்த்து முடிச்சுட்டா சாயங்காலம் படகுக்குப் போயிடலாம்" என்றாள் அம்மா.

"முடிச்சுட்டா!" என்று இழுத்தாள் பட்டாசு. "உன் 'முடிச்சுட்டா' எல்லாம் எனக்குத் தெரியும். லீவு நாள்ல உன்கூட நான் இருக்கணும்னு பார்த்தா, இந்த மூக்கு நீண்ட டார்ச் இருக்கு."

"அப்பாகூடப் போயிட்டு வாயேன்."

"அப்பா மிதிச்சா படகு ஒரே இடத்துல சுத்துதும்மா. போன தடவை எனக்கு வாந்தியே வந்துடுச்சு."

பள்ளி வேன் ஓட்டும் அப்பாவுக்கும் அன்று லீவு; சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "என்னை எதுக்கு இதுல இழுக்கறீங்க?" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்கு ஒரு நாள் நிலையம், ஒரு நாள் வீடு. வீடு என்று பேர்தான். பாதி நாள் தூங்குவாள். தூங்கி எழுந்தால் துணி, பாத்திரம். நடுவில் போன் அடித்தால் அதுவும் போச்சு. அம்மா இல்லாத ராத்திரிகளில் பட்டாசு தன் தலையணையை ஓரமாகத் தள்ளிவிட்டு அம்மாவின் தலையணையில் படுத்துக்கொள்வாள். அதில் சோப்பு வாசனைக்கு அடியில் கொஞ்சம் புகை வாசனை இருக்கும்.

பள்ளி வழியாகச் சிவப்பு வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போகும்போது அவள் ஜன்னலுக்கு ஓடுவாள். அந்த வேகத்தில் அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று வண்டி முழுவதற்கும் கையாட்டி வைப்பாள்.

சோதனை ஆரம்பமானது. அம்மா டார்ச்சை வாளித் தண்ணீரில் முக்கினாள். எரிந்தது. ஸ்டூல் மேல் ஏறிக் கீழே போட்டாள். அப்பா காலைத் தூக்கிக்கொண்டு குதித்தார். டார்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. தடிமனான கையுறையோடு சுவிட்சை அழுத்திப் பார்த்தாள். அதுவும் சரியாக இருந்தது.

"இருட்டுல ஆள் தேடறது மட்டும்தான் பாக்கி" என்றாள் அம்மா. "யாராவது ஒருத்தர் ஒளிஞ்சுக்கணும்."

"நான் கட்டிலுக்கு அடியில படுத்துக்கறேன். எனக்கு அது நல்லா வரும்" என்றார் அப்பா.

"நீங்க படுத்தா டார்ச் எதுக்கு? குறட்டையை வெச்சே பிடிச்சுடுவேன்."

பட்டாசுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தாள். "நானே ஒளியறேன். அப்பவாவது சீக்கிரம் முடியுதான்னு பார்ப்போம்."

அப்பா ஜன்னல்களைச் சாத்தி, மேலே கனமான போர்வைகளைத் தொங்கவிட்டார். அறை கும்மிருட்டானது. பட்டாசு கட்டிலுக்கு அடியில் நுழைந்து, பழைய பெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டுகொண்டாள். வெளியே அம்மா மழைக்கோட்டை மாட்டி, அதில் டார்ச்சைச் செருகி, அப்பாவின் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. முட்டி தரையில் உராயும் சத்தம். மேஜைக் கால்களின் நிழல்கள் சுவரில் ஓடின.

திடீரென்று வெளிச்சம் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது.

பட்டாசின் கண் கூசியது. கையால் மறைத்துக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள். அம்மா இல்லை. ஹெல்மெட் இல்லை. வெள்ளையாக, உருண்டையாக ஒரு வெளிச்சம் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு அவளை நோக்கி நகர்ந்து வந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்! கையை நீட்டு, வா."

அவள் கையை நீட்டவில்லை. தன்னையறியாமல் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏய், ஏன்டி பின்னாடி போற? நான்தான், அம்மா."

"குரல் உன் குரல்தான்." பட்டாசு பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நீ அங்க இல்லைம்மா. வெளிச்சம்தான் பேசுது."

அம்மா விளக்கை அணைத்தாள். மழைக்கோட்டு சரசரக்க அப்படியே தரையில் சாய்ந்தாள்.

"என்னம்மா, கோவமா?"

"இல்லடா கண்ணு." அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "போன மாசம் ஒரு வீட்டுல புகை. ஒரு சின்னப் பையன் அலமாரிக்குப் பின்னாடி இருந்தான். நான் கிட்டப் போகப் போக, உள்ள உள்ள போறான். வெளிய கொண்டு வர்றதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு. அவன் நல்லா இருக்கான். ஆனா காப்பாத்த வந்தவளைப் பார்த்து ஏன் ஓடினான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை."

"அவனுக்கும் உன் முகம் தெரிஞ்சிருக்காது. யாராவது இந்த டார்ச்சுக்கு முன்னாடி நின்னு பார்த்தீங்களா?"

அம்மா யோசித்தாள். நிலையத்தில் ஒவ்வொருவரும் அதைத் தண்ணீரில் போட்டார்கள், தூக்கி எறிந்தார்கள், புகைக்குள் எடுத்துப் போனார்கள். எல்லோருமே விளக்குக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார்கள்.

"யாருமே நிக்கலடி."

"அப்போ முதல்ல உன் முகத்தைக் காட்டு. அப்புறம் கையை நீட்டச் சொல்லு."

அம்மா டார்ச்சைக் கழற்றித் தாடைக்குக் கீழே பிடித்து எரியவிட்டாள். மூக்குத் துவாரம் இரண்டும் குகை மாதிரித் தெரிந்தன.

"ஐயோ! இதுக்கு அந்த வெளிச்சமே தேவலை. பேய் மாதிரி இருக்க!"

"என்ன, என்ன?" என்று கதவைத் திறந்து எட்டிப்பார்த்த அப்பாவும், "அம்மாடி!" என்று திரும்பக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டாசு கட்டிலுக்கு அடியிலிருந்து கையை நீட்டி, டார்ச்சின் தலையைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். பக்கவாட்டில் காட்டினால் ஒரு கன்னம் மட்டும் தெரிந்தது. கூரையில் காட்டினால் ஹெல்மெட்டின் நிழல் முகத்தை மூடியது. கடைசியில் இருவருக்கும் நடுவே, தரையைப் பார்த்துத் திருப்பினாள்.

தரையில் விழுந்த வெளிச்சம் மென்மையாக எழும்பி வந்தது. அம்மா தெரிந்தாள். வியர்வை தெரிந்தது, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தப்பி வந்த முடி தெரிந்தது, சிரித்ததில் கண்ணோரம் நின்ற ஈரமும் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பட்டாசின் கை தானாக நீண்டது.

அந்தக் கையை அம்மா பிடித்தபோது வெளியே போன் அடித்தது. எங்கோ பெரிய கிடங்கு ஒன்றில் தீ; ஆள் போதவில்லை. அம்மா மழைக்கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். படகு போச்சு. பட்டாசு அழவில்லை. ஆனால் மழைக்கோட்டைக் கையால் தடவியபடி இருட்டு அறையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் நிலையத்திலிருந்து அம்மா போனில் பேசினாள். தீ அணைந்துவிட்டது, யாருக்கும் அடியில்லை. மீட்டிங்கில் அம்மா சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லையாம். "சார், நீங்களே உட்கார்ந்து பாருங்க" என்று அதிகாரியை மேஜைக்கு அடியில் அனுப்பி வெளிச்சத்தைக் காட்டினாளாம். பெரிய மீசைக்காரரான அதிகாரி, "யாருய்யா அது, எடுய்யா!" என்று கத்திக்கொண்டு தலையை மேஜையில் முட்டிக்கொண்டாராம்.

"டார்ச் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டாள் பட்டாசு.

"வாங்கறோம். ஆனா தரையைப் பார்த்துச் சாய்க்கற மாதிரி கிளிப் வேணும்னு கேட்டிருக்கோம். அது வர்ற வரைக்கும் கையால திருப்பிப் பழகணும். சனிக்கிழமை எல்லாருக்கும் பயிற்சி. ஒளியறதுக்கு ஒரு சின்ன ஆள் வேணுமாம். யாரையாவது தெரியுமா?"

பட்டாசு போனைக் கீழே போட்டுவிட்டு அப்பாவிடம் ஓடினாள்.

சனிக்கிழமை, நிலையத்தின் பயிற்சி அறையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பட்டாசு ஒரு பழைய சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அவளைப் பார்த்ததும் வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினார்கள். தீயணைப்பு வண்டி ஓட்டுகிற மாமா முகமூடிக் கண்ணாடிக்குள்ளே சிரித்தார், பட்டாசு கையை நீட்டினாள். ஏணிக்கார அண்ணன் புருவத்தைத் தூக்கிக் காட்டினான், கையை நீட்டினாள்.

கடைசியாக முட்டி உராயும் சத்தம். வெளிச்சம் வந்தது, தயங்கியது, தரைக்கு இறங்கியது.

கண்ணாடிக்குள் அம்மா.

"கையை நீட்டு."

பட்டாசு நீட்டவில்லை. கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, முகம் தெரியலையா?"

"தெரியுதும்மா. அதான்."

வெளியிலிருந்து அதிகாரியின் குரல் கேட்டது. "என்னம்மா, இன்னும் ஆள் கிடைக்கலையா?"

அம்மா முழங்காலை மடக்கித் தரையில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"கிடைச்சாச்சு சார்! கொண்டு வரத்தான் கொஞ்சம் நேரமாகும்."