உதட்டில் கூராக்கிய தூரிகை

மேசையைச் சுற்றி நால்வர். சன்னலுக்கு முதுகு காட்டி மேற்பார்வையாளர் தார்ன்லி. அவருக்கு வலப்புறம் ஆலை மருத்துவர். எதிரே, கடிகார முகப்புகளுக்கு இன்னும் இருட்டில் ஒளிரும் ரேடியச் சாயம் தீட்டிவரும் தங்கை ரோசெட்டா. கதவோரம், பதினான்கு மாதம் முன்பே அந்த வேலையை விட்ட அக்கா வின்சென்சா. ஐந்தாவது நாற்காலி அவர்களோடு சாயம் தீட்டிய எட்னாவினுடையது. தாடை அழுகி அவள் செத்து ஒன்பது நாள். ஆனாலும் அந்தி மங்கலில், அவள் தலை சாய்ந்து தேய்ந்த இடம் மட்டும் பச்சையாக மினுங்கியது.

"கெட்ட சகவாசத்துல வந்த நோயாலதான் எட்னா செத்தா. அப்படின்னு கையெழுத்து போட்டுட்டுப் போம்மா," என்று வின்சென்சாவிடம் தாளைத் தள்ளினார் தார்ன்லி.

"தூரிகைய உதட்டுல வெச்சு கூராக்கச் சொன்னது யாரு?"

"சாயம் உள்ள போனா கன்னம் செவக்கும்னேன். செவந்துச்சா இல்லையா?"

மருத்துவர் சிரித்தார்.

"போட்டுத் தொலைக்கா! உன் பல்வலிக்கு என் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுற?" என்று சீறினாள் ரோசெட்டா. அவள் பல்லிடுக்கிலும் பச்சை.

வின்சென்சா கையெழுத்திடவில்லை.

வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. குளிர்ந்த சாம்பல் வாடைக்கு நடுவே, சுவருக்கு அப்பால் யாரோ இருமுவதைக் கேட்டபடி, கோட்டைக்கூடக் கழற்றாமல், மாநிலத் தொழிலாளர் துறைக்கு அவள் வரிசை எண் போட்டு எழுதினாள். ஒன்று, தூரிகை. இரண்டு, எட்னாவின் தாடை. மூன்று, என் தங்கை. அவளையாவது உயிரோடு வெளியே கொண்டுவாருங்கள். எழுத்து தடித்தது. பழக்கத்தில் பேனா முள்ளை உதட்டில் வைத்துக் கூராக்கினாள்.

மை கசக்கவில்லை. மணல் நறநறத்தது. ஆலைச் சாயத்தின் அதே மணல்.

துப்பினாள். மறுபடியும் நறநறத்தது.

தெருமுனைத் தபால் பெட்டிக்கு ஓடினாள். கம்பத்து விளக்கு எரியவில்லை. உறையின் பசையை நாக்கால் நீள நக்கினாள்.

கடினமான ஏதோ ஒன்று அதில் ஒட்டிக்கொண்டது.

வலியில்லை. இரத்தமில்லை. நாக்கு மேல்வரிசையைத் தடவிப் பார்த்தது. ஒரு பள்ளம்.

பிரிக்கத் துணிவில்லை. அழுத்தி ஒட்டினாள். உள்ளே போட்டாள். எட்டிப் பார்த்தாள்.

இருட்டின் அடியில் கடிதம் குப்புறக் கிடந்தது. நாக்கு போன தடம் மூலைக்கு மூலை பச்சையாக எரிந்தது. நடுவே, தாளுக்கு அடியிலிருந்து, ஒரு பல்.