கறை படாத குழாய்

வேலூரிலிருந்து ஆம்பூர்ப் பக்கத்து நகராட்சி ஒன்றுக்குத் தணிக்கைக்கு வந்திருந்தாள் பெர்சிஸ். அவள் மேசைமேல் அமிர்தவள்ளி ஒரு சட்டையை வைத்தாள். துவைத்துத் துவைத்து நூல் இற்றிருந்தது. நீலக் கறை மட்டும் போகவில்லை.

"என் வீட்டுக்காரு நவநீதன் சட்டை மேடம். குடிச்சிட்டு ரோட்டோர கால்வாய்ல விழுந்து செத்துட்டாருன்னு எழுதிட்டாங்க. அவரு குடிக்கவே மாட்டாரு, சாக்கடை கான்ட்ராக்ட்ல கூலி வேலை பார்த்தாரு. வேலையில செத்தாருன்னு எழுதினாத்தான் நஷ்டஈடு வரும். ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க."

தோல் பதனிடும் ஷெட்கள் உள்ள தோல் ஷெட் தெருவின் பாதாளச் சாக்கடையை, ஆளை இறக்காமல் லாரி வைத்து உறிஞ்சுவதாக ஒப்பந்தம். உதவியாளன் ஃபஹீம் பில்களை ஒரே மூச்சில் புரட்டினான். முகம் தொங்கிப் போனது.

"எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். லாரி தினமும் அங்கதான் நின்னிருக்கு, ஜிபிஎஸ் சொல்லுது. இன்ஜினியர் கையெழுத்தும் இருக்கு."

"நின்னுச்சு, சரி. வேலை செஞ்சுதா?" என்றாள் பெர்சிஸ்.

அலுவலக வாசலிலேயே அந்த லாரி புறப்படத் தயாராக நின்றது. பெர்சிஸ் உறிஞ்சுகுழாயின் வாயைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளும் புறமும் பளிச்சென்று மஞ்சள்.

"புதுக் குழாயா?"

"இல்ல மேடம், ஒரு வருஷமா இதேதான்" என்ற ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

மதியம், அமிர்தவள்ளி முன்னிலையில், இன்ஜினியர் ஆதிகேசவனையும் ஒப்பந்தக்காரன் சூரியபிரகாஷையும் வரவழைத்தாள்.

"ஷெட் தண்ணியில தோல் பதனிடுற குரோம் உப்பு இருக்கு, பட்ட இடமெல்லாம் நீலம் ஏறும். ரோட்டோர கால்வாய்ல வெறும் மழைத்தண்ணி. சட்டை நீலமா இருக்குன்னா, நவநீதன் பாதாளச் சாக்கடைக்குள்ள இறங்கியிருக்கார். ஒரு வருஷம் அதையே உறிஞ்சின குழாய்ல மட்டும் கறையே இல்ல. லாரி சும்மா நின்னுச்சு, ஆளுங்க இறங்கினாங்க. செத்தவரைத் தூக்கிக் கால்வாய்ல போட்டீங்க."

ஆதிகேசவன் உடைந்தார். "பம்ப் முதல் நாளே ஓடல மேடம். ரிப்பேர் செலவு ஜாஸ்தின்னாரு இவரு. நான் ஸ்பாட்டுக்குப் போகாமலே கையெழுத்து போட்டேன். யாரும் கேக்கல."

பில்லை மட்டும் பார்த்திருந்தால் ஃபஹீமும் டிக் போட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பான்.

"வேலையில செத்தாருன்னு என் தணிக்கை அறிக்கையில எழுதுறேம்மா" என்றாள் பெர்சிஸ்.

அமிர்தவள்ளி தலையாட்டவில்லை. "காலைல லாரி போச்சே மேடம். இன்னிக்கு யாரை இறக்கியிருக்காங்க?"

பெர்சிஸுக்கு அது தோன்றவே இல்லை. முகம் வெளுத்துப் போயிற்று. சூரியபிரகாஷ் ஓட்டுநருக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டான், எவரும் எடுக்கவில்லை. அமிர்தவள்ளி அதற்குள் தோல் ஷெட் தெருவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.