இரண்டு பக்கக் கடிதத்தில் செத்த கணினி

சனிக்கிழமை, காலை 11.10. கணினி உயிரை விட்டது.

கடிதத்தை முடித்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்த நேரம். திரை கறுத்தது. மேசைக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அவள் எழுந்து சுவர் சுவிட்சைப் பட்டென்று அணைத்தாள், பென்டிரைவைப் பிடுங்கினாள், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இரண்டு தெரு தள்ளி இருக்கும் நோட்டரி அலுவலகத்துக்கு ஓடினாள். பதினொன்றரைக்கு நீதிமன்ற ஆள் வந்துவிடுவார். அவருக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது.

எட்டு நாளில் இது மூன்றாவது சாவு. 12ஆம் தேதி ஒன்று, 14ஆம் தேதி ஒன்று, இன்று 19. நடுவில் கணினிப் பெட்டியை மட்டும் வாங்கிய கடையிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே இரண்டு நாள் இரவும் பகலும் ஓடியது. ஒரு தும்மல்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி மண்டையைப் போட்டது.

11.50க்குத் திரும்பி வந்தவள் நேராகக் கடை முதலாளியை அழைத்தாள்.

"நாலு மணிக்குப் பெட்டியோட வர்றேன். பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. லிஸ்ட்ல எழுதின பவர் சப்ளை ஒண்ணு, உள்ள இருக்கிறது வேற ஒண்ணு. மாத்தி வெச்ச ஆளை என்ன பண்றதுன்னு நீங்களே பார்த்துக்குங்க."

"பெட்டி திரும்பி வந்தா அவரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்மா," என்றார் முதலாளி. "வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. நிரந்தரம் பண்ணலாமா வேண்டாமான்னு இன்னிக்குத்தான் முடிவு பண்றதா இருந்தேன். நல்லதாப் போச்சு."

அவர் சொன்ன ஆள் கணினி மெக்கானிக். நாற்பத்து மூன்று வயது. பழைய கடை மூடிப்போய் ஏழு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இங்கே சேர்ந்தவர். எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் "எத்தனை வாட்டு?" என்று கேட்பதால் கடையில் அவருக்கு 'வாட்டு' என்றே பெயர்.

பகல் 12.25. மொழிபெயர்ப்பாளரின் நாத்தனார் சாப்பிட வந்தாள். காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சேதம் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டாளர் அவள். எரிந்த கிடங்கு, நொறுங்கிய லாரி, நீரில் ஊறிய பஞ்சுமூட்டை, இவைதான் அவளது அன்றாடம். பத்தொன்பது வருடமாகப் பிறர் சொல்லும் பொய்களைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, உண்மை சொல்கிறவர்களையும் அதே முகத்தோடு பார்க்கப் பழகிவிட்டாள். இதனால் குடும்ப விசேஷங்களில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் கிடைப்பதில்லை.

விஷயத்தைக் கேட்டாள். சோற்றை முடித்தாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

"பார்ட்ஸ் லிஸ்ட் இருக்கா?"

"அண்ணி, இது என்ன தீ விபத்தா?"

"ஒருத்தர் வேலை போகப்போகுதுல்ல? லிஸ்டை எடு."

மடித்து மடித்து நைந்துபோன ஒரே தாள். அதில் மூன்று பேர் கையெழுத்து. மொழிபெயர்ப்பாளருக்கு நாள் முழுக்க நூறு பக்க ஆவணங்களைத் திறந்து வைத்தாலும் திணறாத, சத்தம் போடாத இயந்திரம் வேண்டும். அவள் கணவன், அதாவது மதிப்பீட்டாளரின் தம்பி, கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் பார்வை சோதிப்பவன். அவனுக்கு மாலையில் கார் பந்தயம் ஓட்ட வேண்டும். பணமோ ஒரு கணினிக்குத்தான். இருவரும் நான்கு மாலைகள் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதைத் தாளே சொன்னது. ஆறு கோர் ப்ராசஸர், பதினாறு ஜிபி ரேம், அரை டெராபைட் எஸ்எஸ்டி, நடுத்தர கிராபிக்ஸ் கார்டு. தம்பி எழுதிய 'வண்ண விளக்கு ஃபேன் மூன்று' என்ற வரியை மனைவி அடித்திருந்தாள். அவன் திரும்ப எழுதியிருந்தான். அவள் திரும்ப அடித்திருந்தாள், இந்த முறை தாள் கிழியும் அளவுக்கு.

பவர் சப்ளை என்ற வரிக்குப் பக்கத்தில் மூன்றாவது கையெழுத்து, மெக்கானிக்குடையது: '550 வாட்டு. இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.'

கடைசி வரி மொழிபெயர்ப்பாளருடையது: 'யுபிஎஸ், மானிட்டர், பிரிண்டர்: பழையதே போதும்.'

மதிப்பீட்டாளர் அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

பகல் 1.10. கடைக்குத் தொலைபேசி செய்தாள். 'வாட்டு, உனக்குத்தான்' என்று யாரோ கூப்பிட, மெக்கானிக் வந்து பேசினார்.

"பவர் சப்ளையை மாத்தினீங்களா?"

"மாத்தினேன் மேடம்." ஒளிக்கவே இல்லை. "அவங்க கேட்ட கம்பெனி ஸ்டாக் இல்லை. அதே 550 வாட்டு, அதைவிட ஒரு படி மேல. விலை ஏத்தலை. பில்லுல எழுதியிருக்கேன் பாருங்க. கார்டும் ப்ராசஸரும் மூச்சு முட்ட ஓடினாலும் அந்தப் பெட்டி இருநூத்தி அம்பது வாட்டைத் தாண்டாது."

"வீட்டுல வந்து பார்த்தீங்களா?"

"வர்றேன்னு ரெண்டு தடவை கேட்டேன். அவங்க வர வேண்டாம்னுட்டாங்க. என் பேர்ல கோபமா இருக்காங்க. தப்பு சொல்ல முடியாது."

பில்லைப் பார்த்தாள். எழுதியிருந்தது. எறும்பு அளவில்தான், ஆனாலும் எழுதியிருந்தது.

பகல் 1.30. அடுத்து பெட்டி. பக்கவாட்டுத் தகட்டின் திருகு மேல் கடையின் முத்திரைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதன் ஒரு ஓரம் மட்டும் இம்மி விலகி, பழைய பசையின் தடம் வெளியே தெரிந்தது. பகல் சாப்பாட்டுக்கு அப்போதுதான் வந்திருந்த தம்பியிடம் மதிப்பீட்டாளர் திரும்பாமலே கேட்டாள்.

"தம்பி, இதை எப்ப திறந்தே?"

"நான் திறக்கவே இல்லைக்கா."

"நான் யார் திறந்தாங்கன்னு கேக்கலை. எப்பன்னு கேட்டேன்."

தம்பி மனைவியைப் பார்த்தான். மனைவி தம்பியைப் பார்த்தாள். நாற்பது வயது ஆணின் காது மடல் அவ்வளவு சிவக்க முடியும் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

"பத்தாம் தேதி. ஒரு சின்ன லைட் பட்டை. நீல கலர். இவ இல்லாதப்ப மட்டும் போட்டுக்குவேன். அஞ்சு வாட்டுகூட வராது."

"அடப்பாவி!" என்றாள் மனைவி. "பத்தாம் தேதி நீங்க திறந்திருக்கீங்க, பன்னெண்டாம் தேதி செத்திருக்கு. அந்த மனுஷனை நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருக்கேன், நீங்க வாயே திறக்கலை!"

"என்னாலதான் போச்சோன்னு பயந்துட்டேன்."

வழக்கு இங்கே முடிந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். தம்பி குற்றவாளி நாற்காலியில் தானாகவே போய் உட்கார்ந்துவிட்டான். ஆனால் மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்தவில்லை.

"பத்தாம் தேதிக்கு அப்புறம் விளையாடினியா?"

"பெட்டி கடையில இருந்த ரெண்டு நாள் தவிர தினமும். ஏழுலேருந்து பத்து வரைக்கும்."

"ஒரு தடவையாவது செத்துச்சா?"

"இல்லை."

"லைட் பட்டையோட மூணு மணி நேரம் கார் ஓட்டினா சாகாதது, ரெண்டு பக்கக் கடிதத்துக்கு ஏன் சாகுது?"

மதிப்பீட்டாளர் தம்பி மனைவியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"செத்தப்போ மானிட்டர் ஓரத்துல ஒரு மஞ்சள் லைட்டு எரிஞ்சுதா?"

"இல்லை. எல்லாமே இருட்டு."

"சத்தம்?"

"கீழேருந்து நீளமா ஒரு கீச்சு. பெட்டி கத்துச்சு."

"அப்புறம் என்ன பண்ணே?"

"மெயின் சுவிட்சை அணைச்சுட்டு ஓடிட்டேன்."

"சாயந்திரம் திரும்பப் போட்டது?"

"நான்தான்," என்றான் தம்பி. "மெயின், யுபிஎஸ் பட்டன், பெட்டி. எப்பவும் போல."

மதிப்பீட்டாளர் முதல்முறையாகச் சிரித்தாள். அது அவளுக்கு அவ்வளவு பொருந்தவில்லை.

"உன் ஏடு எங்கே? நம்பர் தாள் பதிவு."

நீதிமன்றத்துக்குப் போகும் மொழிபெயர்ப்புகளை எண் போட்ட தாளில்தான் அச்சிட வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் கணக்கு உண்டு. ஒரு தாள் வீணானால் அதற்கு விளக்கக் கடிதம் எழுதி, மேலதிகாரி கையெழுத்து வாங்க இரண்டு நாள் அலைய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பச்சை அட்டை ஏட்டைக் கொண்டுவந்தாள். மதிப்பீட்டாளரின் விரல் வரிசையாக இறங்கியது. 1ஆம் தேதியிலிருந்து 'அச்சிட்ட இடம்: வீடு.' 11ஆம் தேதி, தாள் 347, சிவப்பு மையில்: 'ரத்து. அச்சாகும்போது மின்தடை.' அதற்குப் பிறகு வந்த எல்லா வரிகளிலும் 'அச்சிட்ட இடம்: நோட்டரி அலுவலகம்.'

"முதலாளியையும் மெக்கானிக்கையும் இங்கேயே வரச் சொல்லு," என்றாள். "பெட்டி எங்கேயும் போகலை."

மாலை 3.50. கூடத்தில் ஐந்து பேர். முதலாளி சோபாவில். மெக்கானிக் கதவோரம் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் ஒரு பை இருந்தது; அதில் அவருடைய சொந்தத் திருப்புளிகள் எல்லாம் இருந்தன. கடையிலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டே வந்திருந்தார்.

"தம்பி, இருக்கிறதிலேயே கனமான பந்தயத்தைப் போடு. அந்த நீல விளக்கும் எரியட்டும்."

இருபது நிமிடம் கார்கள் சீறின. ஃபேன்கள் இரைந்தன. கணினி அசையவில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப விளையாட்டை மூடு. நீ உக்காரு," என்றாள் தம்பி மனைவியிடம். "காலையில எழுதின கடிதத்தைத் திற. முடிச்சாச்சு, நிமிர்ந்து உக்காந்தாச்சு. அடுத்து கை என்ன செஞ்சுதோ, அதையே செய்."

மொழிபெயர்ப்பாளரின் விரல் மவுஸை நகர்த்தி அச்சுப் பொத்தானை அமுக்கியது.

ஒன்று, இரண்டு, மூன்று. மேசையோரத்து லேசர் பிரிண்டர் உறுமத் தொடங்கியது. கீழே கீச்சென்ற நீளமான சத்தம். திரை கறுத்தது.

"அய்யோ," என்றாள் அவள்.

"யாரும் எதையும் தொடாதீங்க. வாட்டு சார், கீழே குனிஞ்சு பாருங்க. எது செத்திருக்கு?"

மெக்கானிக் மண்டியிட்டார். அவர் குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. "யுபிஎஸ், மேடம். பெட்டி இல்லை. யுபிஎஸ் தானா அணைஞ்சிருக்கு." பிறகு குரல் இன்னும் மெதுவாக, "பிரிண்டரை இதுலயா சொருகியிருக்கீங்க? நான் வந்து மாட்டினப்ப அது சுவத்துல இருந்துச்சே!"

மதிப்பீட்டாளர் நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"லேசர் பிரிண்டர் பொடியைத் தாள்ல உருக்கி ஒட்டுது. அதுக்கு உள்ளே ஒரு உருளையை நிமிஷத்துக்குள்ள சுட வைக்கணும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு இழுக்கும்?"

"தொள்ளாயிரம் வாட்டு," என்றார் மெக்கானிக், யோசிக்காமலே. "இந்த யுபிஎஸ் முன்னூத்தி அறுபதுதான் தாங்கும்."

"பவர் சப்ளை கெட்டிருந்தா பெட்டி மட்டும்தான் சாகும், மானிட்டர்ல மஞ்சள் லைட்டு எரியும். மானிட்டரும் சேர்ந்து செத்ததுன்னா தப்பு பெட்டிக்கு வெளியே. கடையில இந்த யுபிஎஸ்ஸும் இல்லை, பிரிண்டரும் இல்லை. அதனால அங்கே சாகலை. ராத்திரி யாரும் அச்சடிக்கிறதில்லை. அதனால விளையாட்டுல சாகலை. செத்த உடனே ஒருத்தர் மெயினை அணைச்சுடுறீங்க, சாயந்திரம் இன்னொருத்தர் பழக்கத்துல எல்லா பட்டனையும் போடுறீங்க. யுபிஎஸ் ஏற்கெனவே செத்துக் கிடந்ததை ரெண்டு பேருமே பார்க்கலை." தம்பி மனைவியைப் பார்த்தாள். "பதினொண்ணாம் தேதி ஒரு தாள் வீணாச்சு. அன்னிக்கு என்ன பண்ணே?"

மொழிபெயர்ப்பாளர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இனிமே கரண்ட் போனாலும் தாள் பாதியில நிக்கக் கூடாதுன்னு... பிளக்கை எடுத்து யுபிஎஸ்ல சொருகினேன். பத்திரமா இருக்கட்டும்னுதான் அண்ணி செஞ்சேன்."

"செத்தப்போ நடந்ததையெல்லாம் கேட்டேன். அச்சுப் பொத்தானை அமுக்கினதை ஏன் சொல்லலை?"

"அச்சே வரலையே! வராத ஒண்ணை எப்படி சொல்லணும்னு தோணும்?"

"அதேதான்," என்றாள் மதிப்பீட்டாளர். "தனக்கு என்ன ஆச்சுன்னு எல்லாரும் விலாவாரியா சொல்லுவாங்க. தான் என்ன செஞ்சோம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அதுலேயும், செஞ்சது பலிக்கலைன்னா அதைச் செஞ்சதாவே நினைக்க மாட்டாங்க."

மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் சொருகினார். யுபிஎஸ்ஸைப் போட்டார். கணினி எழுந்தது. மொழிபெயர்ப்பாளர் எண் இல்லாத சாதாரணத் தாளை வைத்து மறுபடி அச்சுப் பொத்தானை அமுக்கினாள். ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரிண்டரையே பார்த்தார்கள். முதல் பக்கம் வந்தது. இரண்டாம் பக்கமும் வந்தது. தம்பி கை தட்டினான். அவன் மனைவி அவனை முறைத்துவிட்டு, தானும் சிரித்துவிட்டாள். வீட்டை எட்டு நாளாக அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது.

அவள் கதவோரம் போனாள்.

"அண்ணே, மன்னிச்சுடுங்க. நான் உங்களை வீட்டுக்குள்ள விட்டிருந்தா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பீங்க."

"பரவாயில்லைமா. யுபிஎஸ்ல வேற எதையும் சொருகாதீங்கன்னு நானும் சொல்லியிருக்கணும். அன்னிக்கு பிளக் சுவத்துல இருந்துச்சா, சொல்லத் தோணலை."

அவள் முதலாளியிடம் திரும்பினாள். "சார், பணமும் வேண்டாம், எதுவும் வேண்டாம். என் பெட்டியை இனிமே இவர்தான் தொடணும்."

முதலாளி தொண்டையைச் செருமினார். தவறை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அதிகம் இல்லை.

"பையை எதுக்குய்யா தூக்கிட்டு வந்தே? திங்கக்கிழமை காலையில எதை வெச்சு வேலை பாப்பே? வந்ததும் ஆபீஸ் ரூமுக்கு வா, நிரந்தரம் பண்ற பேப்பர்ல கையெழுத்துப் போடணும்."

மெக்கானிக் தலையாட்டினார். படியில் இறங்கி, தெருவுக்கு வந்து, கைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார். மறுமுனையில் அவள் எதையும் கேட்கவில்லை, கேட்கப் பயந்தாள்.

"இல்லை," என்றார் அவர். "போகலை. வேலை போகலை. இருக்கு."