திருப்பி அனுப்ப முடியாத நாற்பது

குடையோடு ஒருவன் உள்ளே நுழைந்தபோதே மார்னிக்குத் தெரிந்துவிட்டது... இவன் இந்த ஊர்க்காரன் இல்லை!

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் யாராவது குடை பிடிப்பார்களா? அக்டோபரில் ஆரம்பிக்கிற தூறல் மே மாதம் வரை விடாது. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இவனோ கறுப்புக் குடையை விரித்தபடியே, நீலக் கழுதை காமிக்ஸ் கடையின் குறுகலான வாசலுக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, மடக்குங்க... மடக்குங்க!"

எங்கே மடக்கினான்! குடைக்கம்பி அவள் கையிலிருந்த புத்தக அடுக்கில் இடித்தது. மேலே இருந்தது நழுவி, நேராக மூலை குத்தித் தரையில் விழுந்தது.

அன்று புதன்கிழமை வேறு. வாராவாரம் புதுக் காமிக்ஸ் வந்து இறங்குகிற நாள். கடை முழுக்க ஆட்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ச்சூ..." கொட்டினார்கள். குழந்தை கீழே விழுந்தால்கூட அப்படிக் கொட்டியிருக்க மாட்டார்கள்.

அவன் பதறிப்போய்ப் புத்தகத்தை எடுத்தான். மழைத்துளி படிந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தபடி நிமிர்ந்தான். சாம்பலா, பச்சையா என்று சொல்ல முடியாத கண்கள்... 'கோபமா இருக்கும்போது கண்ணையெல்லாம் பாக்காதடி' என்று மார்னி தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"மூலைதானே லேசா மடங்கியிருக்கு... படிக்க முடியும் இல்லையா?"

"இதை இந்தக் கடையில சொன்னதுக்கே உங்களை வெளிய தள்ளணும்."

"தள்ளிடாதீங்க, மழை பெய்யுது."

சிரித்துவிடுவோமோ என்று பயந்து அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி, பாதி விலைக்கு எடுத்துக்குங்க. மூலை போனதை வேற யாருக்கும் விக்க முடியாது."

"மடக்கினவன் நான்தானே? முழு விலையே தர்றேன்." அட்டையைத் திருப்பிப் பார்த்தான். 'மூடுபனித் தபால்காரி'... ஆறு மாத இதழ்களையும் ஒன்றாகத் தொகுத்து, கெட்டி அட்டை போட்ட புத்தகம். பிறகுதான் அவள் பின்னால் சுவரோரம் நின்ற குவியலைக் கவனித்தான். "அத்தனையும் இதேதானா?"

"நாப்பது. உங்க புண்ணியத்துல இப்ப முப்பத்தொம்பது."

"விக்கலைன்னா திருப்பி அனுப்பிடுவீங்க, இல்லையா?"

கடையே திரும்பிப் பார்த்தது. மூலையில் நின்ற டக் முதலில் சிரித்தான். புதன் தவறாமல் வருகிற வாடிக்கைக்காரன், வாய் ஓயாதவன். "யாருப்பா நீ, எங்க மார்னிகிட்டயே இப்படிக் கேக்கறே? எந்தக் கிரகம்?"

"எதிர்த்த புத்தகக் கடை. என்ன புத்தகம் வாங்கறது, எத்தனை வாங்கறதுன்னு பாக்கற வேலை. போன வாரம்தான் சேர்ந்தேன். பேரு ஆன்செல்."

எதிர்த்த கடையா! மார்னியின் முகம் சட்டென்று சிவந்தது. "உங்களுக்கென்னங்க, விக்காததைப் பெட்டியில போட்டுப் பதிப்பாளருக்கே திருப்பி அனுப்பிடலாம். காமிக்ஸ் கடைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மூணு மாசம் முன்னாடியே எத்தனை வேணும்னு எழுதிக் கொடுத்துடணும். விலையில கொஞ்சம் கூடுதலா கழிச்சுக் கொடுப்பாங்க, அவ்வளவுதான். வந்து இறங்கிடுச்சுன்னா எங்க தலையெழுத்து. விக்கலைன்னா இங்கயே கிடந்து மஞ்சளாகும்."

"எனக்குத் தெரியாது... மன்னிச்சுடுங்க."

அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவன் போனதும் கடைக்காரி லோர்னா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். கெட்டவள் இல்லை லோர்னா. ஆனால் போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டாள். நவம்பர் கடைசியில் வருகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின புதன்கிழமைக்குள் அந்தக் குவியல் கரைய வேண்டும். இல்லாவிட்டால் தொகுப்புகள் அடுக்கியிருக்கும் புத்தகச் சுவரை எடுத்துவிட்டு, படச் சீட்டு விளையாட வருகிற பையன்களுக்கு மேஜை போட்டுவிடுவாள். மாத இதழ்களை லோர்னாவே பார்த்துக்கொள்வாள். புத்தகச் சுவருக்காகவே வேலைக்கு வந்தவள் மார்னி... சுவர் போனால் அவளும் போக வேண்டியதுதான்.

"ஆளு பாக்க நல்லாத்தான் இருக்கான்," என்றாள் லோர்னா.

"குடை பிடிக்கிறவன், லோர்னா!"

"அதுவும் சரிதான்."

---

அடுத்த புதன், அவன் குடையில்லாமல் வந்தான். தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட...

"எங்க உங்க குடை?"

"உங்க புத்தகங்க மேல இருக்கிற மரியாதைல விட்டுட்டு வந்தேன்." துண்டு கொடுப்பாளா என்று பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. "ரெண்டு தடவை படிச்சேன். நாலாவது அத்தியாயத்துல, அந்த விலாசமே இல்லாத கடிதத்தை அவ தன் வீட்டுக் கதவுலயே போட்டுட்டு நிக்கறா பாருங்க... பஸ்ல உக்காந்து அழுதுட்டேன். பக்கத்துல இருந்தவர் எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டார்."

மார்னி சட்டென்று நிமிர்ந்தாள். அதே பக்கம்! அதே பக்கத்தில்தான் அவளும் அழுதாள். 'இவனுக்குமா...?'

"இவ்வளவு நல்ல புத்தகம் ஏங்க விக்கல?" என்று அவன் கேட்டான். "யாரை நினைச்சு நாப்பது எழுதிக் கொடுத்தீங்க?"

"மாத இதழா வந்தப்போ நாப்பது பேர் விடாம வாங்கினாங்க. டக் உள்பட. எல்லாரும் அது மேல உயிரையே வெச்சிருந்தாங்க. அதான் நாப்பது."

"ஆனா அவங்க கையிலதான் ஏற்கனவே ஆறு இதழும் இருக்கே? சாப்பிட்டு எழுந்தவங்களுக்கே மறுபடியும் பரிமாறியிருக்கீங்களே! இந்த மாதிரி தொகுப்பை வாங்கறது காமிக்ஸ் கடைப் பக்கமே வராத ஆளுங்க. முதல் தடவையா படிக்கறவங்க... எங்க கடைக்கு வரவங்க."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால்... சரியாக எந்த இடத்தில் தப்பு செய்தாளோ, அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திவிட்டான். இரண்டு மாதமாக அவளுக்கே புரியாமல் இருந்தது இவனுக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட்டதே! காது மடல் வரை சூடேறியது.

"ரொம்ப நன்றிங்க, பாடம் எடுத்ததுக்கு. நான் நம்பி வாங்கினேன். பயமில்லாம வாங்கி, பிடிக்கலைன்னா பெட்டியைக் கட்டி அனுப்பறவங்களுக்கு அதெல்லாம் புரியாது. போய்ட்டு வாங்க."

அவன் ஈரக் காலடியோடு போய்விட்டான். கண்ணாடிக் கதவு வழியாக, தெருவைக் கடக்கிற அந்த முதுகை அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

"துண்டாவது கொடுத்திருக்கலாம்," என்றான் டக்.

"நீ ஒரு புத்தகமாவது வாங்கியிருக்கலாம்!"

டக் வாயை மூடிக்கொண்டான். அதிசயம்தான்.

---

அடுத்த சனிக்கிழமையிலிருந்து வினோதமான ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒரு நர்ஸ். "அந்தத் தபால்காரி புத்தகம் இங்கதானே கிடைக்கும்?" பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பிறகு நிஜமான தபால்காரி ஒருத்தி, தோளில் பையோடு! "காமிக்ஸ் கடைக்குள்ள இப்பத்தான் முதல் தடவை வர்றேன். கடிக்காதே?" என்று கேட்டுவிட்டு இரண்டு பிரதி வாங்கிப் போனாள்.

குவியல் இடுப்பளவிலிருந்து முழங்காலளவுக்கு இறங்கியது. மார்னிக்குத் தலைகால் புரியவில்லை. 'வாய் வார்த்தையா பரவுது போல' என்று தனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டாள். ஆனால் புதன்கிழமைகளில் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். சொட்டச் சொட்ட யாரும் வரவில்லை. 'நீதானே போகச் சொன்ன? அப்புறம் எதுக்கு வாசலைப் பாக்கற?' என்று மனசு கேட்டது. 

கெடு வைத்த புதன்கிழமையும் வந்தது. மறுநாள் வான்கோழி விருந்து, ஊரில் கடையெல்லாம் மூடியிருக்கும். மத்தியானம் மூன்று பிரதி பாக்கி. மார்னி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் டக் மழையோடு உள்ளே வந்தான்.

"மார்னி! எதிர்த்த கடைக்குப் போயிருந்தேன், எங்கம்மாவுக்குச் சமையல் புத்தகம் வாங்க. அங்க வாசல் மேஜையில உன் தபால்காரி உக்காந்திருக்கா! மூலை மடங்கின பிரதி. பக்கத்துல கையால எழுதின அட்டை. 'இதைப் படித்துப் பாருங்கள். எங்களிடம் விற்பனைக்கு இல்லை. எதிர்க் கடையில் மார்னியைக் கேளுங்கள், மூலை மடங்காத பிரதி தருவார்.'"

அவ்வளவுதான். நர்ஸ், வாத்தியார், தபால்காரி... எல்லாரும் அவன் அனுப்பியவர்களா? தன் புத்தகம் தானாக விற்கவில்லை. யாரோ இரக்கப்பட்டு ஆள் அனுப்பியிருக்கிறான்!

கோட்டைக்கூட மாட்டாமல் மழையில் இறங்கித் தெருவைக் கடந்தாள் மார்னி. எதிர்த்த கடைக்குள் அவள் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை. ஆன்செல் ஏணியில் நின்றுகொண்டிருந்தான்.

"நான் உங்ககிட்ட தர்மம் கேட்டேனா?"

அவன் தடுமாறி இறங்கினான். "மார்னி..."

"பாவம், தப்புக் கணக்கு போட்டுட்டா, உதவி பண்ணுவோம்னு நினைச்சீங்களா?"

"பரிதாபப்பட்டு உதவறவன் அந்தப் புத்தகத்தைப் படிச்சு பஸ்ல அழுவானாங்க?" அவன் குரல் உயரவில்லை. "அன்னிக்கு நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா புத்தகம் விஷயத்துல நீங்க தப்பே பண்ணலை. நாப்பது பேருக்கு வேணும்னு நினைச்சீங்க, வேண்டித்தான் இருந்துச்சு. அந்த நாப்பது பேரும் தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்தாங்க, அவ்வளவுதான். நான் வழி காட்டினேன். படிச்சு முடிவு பண்ணினது அவங்க."

"நீங்களே வாங்கி வித்திருக்கலாமே?"

அவன் தயங்கினான். காதைச் சொறிந்தான். "வாங்கினேன். இருபது வந்துச்சு. பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டேன். முதலாளி கத்தினார்... 'எங்களால திருப்பி அனுப்ப முடியும், அவங்களால முடியாது சார்'னு சொன்னேன்."

 அவள் எதை வைத்து அவனைக் குத்திக் காட்டினாளோ, அதையே அவன் அவளுக்காகப் பயன்படுத்தியிருக்கிறான். திட்டுவதற்கென்று அவள் கொண்டுவந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லத் தோன்றாமல், துண்டோடு அப்படியே ஓடிவந்துவிட்டாள்!

---

கடைக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்தாள். தரை காலி. ஒன்றுமே இல்லை.

"ரெண்டை ஒரு ஜோடி வாங்கிட்டுப் போச்சு," என்றாள் லோர்னா.

"மூணாவது?"

லோர்னா கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் காட்டினாள். "எனக்கு. எல்லாரும் படிச்சுட்டு அழறாங்களாமே, நானும் லீவுல உக்காந்து அழுது பாக்கறேன். அந்தச் சுவர்ல வேற புத்தகத்தை அடுக்குடி, வெறிச்சுன்னு இருக்கு."

"அப்போ சீட்டாட்ட மேஜை?"

"என்ன மேஜை?" என்றாள் லோர்னா, ஒன்றும் தெரியாதவள் போல.

மார்னிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆறு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெறும் தரையிலேயே உட்கார்ந்து, கையிலிருந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கதவு மணி அடித்தது. ஆன்செல்! குடையை ஒழுங்காக வெளியிலேயே மடக்கி, வாசலோரம் சாய்த்துவிட்டு, உள்ளே வரலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"துண்டு கடையோடது. திரும்ப வேணும்..." என்றான். பிறகு, "இல்ல... பொய். நாளைக்கு லீவு. எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது. வான்கோழி சமைக்கவும் தெரியாது."

டக் கையிலிருந்த இதழுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

மார்னி எழுந்தாள். இனி என்ன கௌரவம்! "நான் சமைப்பேன். சுமாரா இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்... எங்க கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். எடுத்தா எடுத்ததுதான். பிடிக்கலைன்னு பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பற கதையே கிடையாது."

சாம்பலும் பச்சையுமான கண்கள் மெல்ல விரிந்தன. "மார்னி... நிஜமாவா?"

"அவசரப்படாதே. நல்லாப் பாத்துக்கோ. கோபக்காரி. துண்டு கொடுக்கத் தெரியாதவ. நிறைய இடத்துல மூலை மடங்கியிருக்கு. யோசிச்சுச் சொல்லு."

அவன் யோசிக்கவேயில்லை.

"முழு விலையே தர்றேன்," என்றான்.