பர்ஸாகிப் போன பல்கலைக்கழகம்

ஒரு பல்கலைக்கழகத்தை நான் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். தெரியாமல்தான் வெட்டினேன். யாரும் நம்பவில்லை. ஏனென்றால் மிகவும் நேராக வெட்டியிருந்தேன்.

எங்கள் வீடு மும்பை தாராவியில் இருந்தது. மேலே நாங்கள், கீழே வாப்பாவின் தோல் பட்டறை. பர்ஸ் தைப்பதற்கு முன்னால் தோலின் மேல் ஓர் அட்டையை வைத்துக் கோடு போடுவார்கள். அந்த அட்டைக்கு ஃபர்மா என்று பெயர். அன்று வியாழக்கிழமை. பழைய ஃபர்மாவின் ஓரம் தேய்ந்துபோயிருந்தது.

"ஏ சபுரா, நல்ல கெட்டி அட்டையா ஒண்ணு இருந்தா கொண்டாட்டி" என்றார் இசக்கிப்பாண்டி அண்ணன். பட்டறையிலேயே மூத்த தொழிலாளி அவர்தான்.

பள்ளிக்கூடத்துக்கு மே மாத விடுமுறை. எனக்கு வேலை எதுவும் இல்லை. வேலை இல்லாத நாளில் நான் மிகவும் ஆபத்தானவள். ஏணியில் ஏறி மேலே வீட்டுக்குப் போனேன். அலமாரியில் பளபளப்பான புத்தகம் ஒன்று இருந்தது. அதற்குள் கெட்டி அட்டை ஒன்று. அட்டையில் கட்டம் கட்டமாக ஏதோ அச்சடித்திருந்தது. யாருக்குத் தேவை என்று நினைத்து, பர்ஸ் அளவுக்கு நானே வெட்டிக் கொடுத்தேன்.

என் அக்கா ராபியா கீழே வந்தபோது ஏழு பர்ஸுக்குக் கோடு போட்டாகிவிட்டது. அக்காவை நான் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். லாத்தா அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அது அவளுடைய விண்ணப்பப் படிவம்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அட்டையை வைத்துவிட்டு ஏணியில் ஏறிப் போய்விட்டாள்.

லாத்தா பி.ஏ. முடித்திருந்தாள். அடுத்து மனிதவள மேம்பாடு என்று ஒரு படிப்பு படிக்க ஆசை. எங்கள் சந்தில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் யாரும் இல்லை. இசக்கிப்பாண்டி அண்ணன் ஒருமுறை விசாரித்தார்.

"அது என்ன படிப்பு பாப்பா?"

"வேல செய்யுறவங்களுக்கு என்ன வேணும், அவங்க எப்படி மேல வரலாம்னு பாக்குற படிப்பு அண்ணே."

"அப்ப மொதல்ல அந்த ஃபேனைப் பாரு. மூணு மாசமா சும்மா தொங்குது."

முதலாளியான வாப்பா அப்போது ரொம்ப மும்முரமாக ஊசி தேடினார்.

அந்தப் படிப்பு இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம். பாடமெல்லாம் தபாலிலேயே வரும். அதற்கு மாட்டுங்காவில் ஒரு கிளை அலுவலகம். இன்னொன்று தேவ்நாரில். அங்கே தினமும் வகுப்புக்குப் போகவேண்டும். இரண்டுக்கும் சனிக்கிழமைதான் கடைசி நாள். நான் வெட்டியது தேவ்நாரை.

"இதுவும் நல்லதுக்குத்தான். வீட்ல இருந்தே படிக்கட்டும்" என்றாள் உம்மா.

லாத்தாவிடம் போனேன். "உனக்கு எது வேணும் லாத்தா?"

"எதுன்னாலும் சரி."

"எதுன்னாலும்னா எது?"

"வாப்பாவுக்குப் பிடிச்சது."

கீழே இறங்கி வாப்பாவிடம் கேட்டேன். "அவளுக்குப் பிடிச்சது எதுவோ அதுதான்" என்றார்.

மறுபடி மேலே போனேன். மறுபடி கீழே வந்தேன். நாலு தடவை ஏறி இறங்கியதில் கால் வலி மட்டும்தான் கிடைத்தது. ஒருவரை ஒருவர் மதித்து மதித்தே இரண்டு பேரும் சனிக்கிழமையைத் தாண்டிவிடுவார்கள் போலிருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தபால் பாடப் படிவம் ஜன்னலில் அப்படியே கிடந்தது. அந்தப் பளபளப்பான தேவ்நார்ப் புத்தகமோ லாத்தாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

மறுநாள் காலை தோல் வியாபாரி ஜெயினுலாப்தீன் மாமா வந்தார். வாப்பா ஒவ்வொரு தோலாக எடுத்து மடித்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் கீறினார்.

"வாப்பா, மாமா ஃபோட்டோ மட்டும் அனுப்பினா தோல் வாங்குவீங்களா?"

"என்ன கிறுக்கு? தொட்டுப் பாக்காம எவன் வாங்குவான்?"

"ரெண்டு வருஷப் படிப்ப மட்டும் பாக்காமலே எடுக்கலாமா?"

பட்டறையில் தையல் மிஷின் நின்றது. இசக்கிப்பாண்டி அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மொதலாளி, பதில் சொல்லுங்க" என்றார்.

வாப்பா எழுந்தார். சட்டையை எடுத்து மாட்டினார். "ராபியா, கெளம்பு. ஜும்மா தொழுகைக்குள்ள திரும்பணும். நீயும் வாட்டி, வீட்ல விட்டா இன்னும் எதையாவது வெட்டுவ."

சயானில் பஸ் ஏறி மூன்று பேரும் தேவ்நாரில் இறங்கினோம். உள்ளே நிறைய மரங்கள் இருந்தன. வாப்பா ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து பெஞ்சை ஆட்டிப் பார்த்தார், கரும்பலகையைத் தட்டினார். நல்லவேளை, எதையும் முகர்ந்து பார்க்கவில்லை.

அலுவலக ஜன்னலில் ஷ்யாமளா என்று ஓர் அம்மா இருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டதும், "தமிழா? சொல்லுங்கோ" என்றார்.

"புது ஃபாரம் ஒண்ணு வேணும்மா" என்றார் வாப்பா.

"பழைய ஃபாரம் என்னாச்சு?"

வாப்பா என்னைப் பார்த்தார். லாத்தாவும் பார்த்தாள்.

"பர்ஸாயிடுச்சு" என்றேன்.

அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்க என்ன சொல்லித் தருவீங்க? எல்லாம் புஸ்தகம்தானா?" என்று வாப்பா விசாரித்தார்.

"புஸ்தகமும் உண்டு. வாரத்துல ரெண்டு நாள் ஃபேக்டரிக்கே போகணும். வேலை செய்யறவாகிட்ட உட்கார்ந்து பேசணும். அவா கஷ்டம் தெரியாம இந்தப் படிப்பே கெடையாது."

வாப்பா தலையை ஆட்டினார். நல்ல தோல் கைக்கு வந்தால் அப்படித்தான் ஆட்டுவார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஷ்யாமளா அம்மா புதுப் படிவத்தை ஜன்னலில் வைத்தார். "யார் பேர்ல எழுதணும்? இங்கதான் சேரணும்னு தீர்மானம் பண்ணியாச்சா?"

வாப்பா லாத்தாவைப் பார்த்தார். லாத்தா தரையைப் பார்த்தாள்.

"வாப்பாவுக்கு எது..." என்று ஆரம்பித்தாள்.

நான் அவள் காலை மிதித்தேன்.

"ஆ!"

"வாப்பாவ விடு. உம்மாவ விடு. நான் வெட்டினதையும் விடு. உனக்கு எது வேணும் லாத்தா?"

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற நாலு பேரும் காத்திருந்தார்கள். வாப்பா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார்.

லாத்தா நிமிர்ந்தாள். பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இந்த எடம்தான் வேணும்" என்றாள். "மொத நாள்லேர்ந்தே இதுதான் வேணும்."